அந்திச் சுற்று

இபு ஹஸ்னாவிடம் துணி தைக்கக் கொடுக்கும் தெர்னாத்தே தீவுப் பெண்களுக்குப் பொறுமை வேண்டும். தோளிலிருந்து இடுப்புவரை அளந்துகொண்டே இருப்பார். நடுவில் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பார். "அப்படியே நில்லும்மா, கையை இறக்காதே, மமோவா வருது" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிடுவார். கல்யாணப் பெண் இரண்டு கைகளையும் விரித்தபடி அங்கேயே நிற்க வேண்டியதுதான். மேலேயிருந்து இபுவின் சிரிப்பும், யார் யாரோ ஆண்களின் கரகரத்த குரல்களும் கேட்கும். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அளவைத் தொடர்வார். ஒரு முறைகூட அளவு தவறியதாக யாரும் சொன்னதில்லை. நேரம் தவறியதாகச் சொல்லாதவர்களும் இல்லை.

மமோவா என்பது எங்கள் கல்லூரி செய்து அனுப்பிய சிறிய செயற்கைக்கோள். ரொட்டி டப்பா அளவுதான் இருக்கும். கலேலா கடற்கரையில் அந்தப் பெயரில் ஒரு பறவை உண்டு. முட்டையை மணலில் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடும். பெயர் வைத்த மாணவர்களும் அப்படித்தான் செய்தார்கள். படிப்பு முடிந்ததும் ஜகார்த்தா, பதாம் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். திட்டத்துக்கு வந்த பணமும் தீர்ந்தது. ஆனால் மமோவா மட்டும் நிலநடுக்கோட்டை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக எங்கள் தீவுகளுக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக உரிமம் வாங்கி வானொலிக் கருவி வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களின் குரலை வாங்கி, கடலைத் தாண்டித் திரும்பக் கொட்டுவதுதான் அதன் வேலை.

அதைத் திறக்கவும் மூடவும் யாராவது தரையிலிருந்து கட்டளை அனுப்ப வேண்டும். நாள் முழுக்க வீட்டில் இருப்பவர், இரண்டு பக்கமும் வானம் திறந்த மேட்டு வீடு என்று பார்த்து அந்தக் கருவியை இபு ஹஸ்னாவின் வீட்டில் வைத்தார்கள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்துகொண்டது. மாடியில் கையில் பிடித்துத் திருப்பும் ஆன்டெனாவை அவரே செய்துகொண்டார். தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் கட்டியது. அதில் எண்கள் இன்னும் தெரியும்.

நான் பின்னால் வந்து சேர்ந்தவள். என் அப்பா பஸ்தியோங் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கல்லூரி ஆய்வகத்தில் தற்காலிக வேலை. மமோவா ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அதன் பேட்டரி எப்படி இருக்கிறது என்று அது அனுப்பும் எண்களைப் படித்து, எந்தச் சுற்றில் திறக்கலாம், எதில் மூட வேண்டும் என்று இபுவுக்குச் சொல்வது என் பொறுப்பு.

எல்லோருக்கும் பிடித்தது அந்திச் சுற்று. கடையை மூடிவிட்டு, வலையைக் காயப்போட்டுவிட்டு, தொழுகையையோ ஜெபத்தையோ முடித்துவிட்டு மனிதர்கள் ஓய்ந்து உட்காரும் நேரம். நமக்கு இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் அதற்கு இன்னும் வெயில் இருக்கும். இபுவின் கணவர் ஜூஃப்ரி அதைப் பற்றி, "அது இருட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகுது" என்பார்.

ஜூஃப்ரி சூரை மீன் பிடிக்கும் படகில் என்ஜின் பார்ப்பவர். மீன்கள் கூடுவதற்காகக் கடலில் நங்கூரமிட்டு வைத்த மிதவைகளைத் தேடிப் போனால் கரைக்கு வர நாள் கணக்காகும். கைபேசி அங்கே எடுக்காது. இபுதான் அவரைப் பிடித்து உட்காரவைத்துத் தேர்வு எழுதவைத்து உரிமம் வாங்கிக் கொடுத்தார். கையடக்கக் கருவி ஒன்றும், அளவு நாடா ஆன்டெனா ஒன்றும் அவரோடு படகில் போகும். அந்தியில் அவர் குரல் வரும்.

"தெர்னாத்தே, தெர்னாத்தே, கடல்லேருந்து ஜூஃப்ரி. இன்னைக்கு வீட்ல என்ன சாப்பாடு?"

"பப்பேடாக் கூழ். மஞ்சள் மீன் குழம்பு."

"எனக்கு?"

"உங்களுக்குத்தான் அல்லா கடல் நிறைய மீன் குடுத்திருக்கானே, அபாங். பிடிச்சுச் சாப்பிடுங்க."

எங்கள் எல்லோருக்கும் இருப்பது ஒரே அலைவரிசை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், பேசுவதை எல்லோரும் கேட்பார்கள். சோரோங்கிலிருந்து நர்ஸ் யோசினா குறுக்கே வருவார். "இபு, அந்தக் குழம்பைக் கொஞ்சம் மேல அனுப்புங்க. மமோவா எங்களுக்கும் கொட்டட்டும்."

இங்கே மூத்த ஆணைப் பாக் என்போம், பெண்ணை இபு, இளம்பெண்ணை நோனா. டோபேலோவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாக் மெல்கியின் குரல் எல்லாவற்றையும் விடப் பெரியது. "சுருக்கமாப் பேசுங்கப்பா! புருஷன் பொண்டாட்டி பேச்சை வீட்ல வெச்சுக்கக் கூடாதா? வரிசையில ஆள் நிக்குது."

"பாக் மெல்கி, நேத்து நீங்க மழை பெஞ்சதைப் பத்தி மட்டும் எவ்வளவு நேரம் பேசினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"அது பெரிய மழை, இபு!"

வரிசை என்றால் எங்களிடம் ஒரு முறை உண்டு. மமோவா மேற்கே முதலில் எழும், மேற்கே இருப்பவர்கள்தான் அதை முதலில் இழப்பார்கள். அதனால் அவர்களுக்கு முதல் இடம். பொந்தியானாக், பலிக்பாப்பான், மனாடோ, பிறகு நாங்கள், பிறகு டோபேலோவில் மெல்கி, பிறகு 'கடலில் ஜூஃப்ரி', பிறகு சோரோங், பியாக். இபு பெயர்களை அந்த வரிசையில் கூப்பிடுவார். கூப்பிட்டவர் பதில் சொல்லாவிட்டால் ஒரு மூச்சு பொறுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். எங்களில் ஒருவர் இறந்தால் இறந்தார் என்று நாங்கள் சொல்வதில்லை. அவர் பெயரைச் சொல்லி 'விசை அமைதி' என்போம்; பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்தான் விசை. அதற்குப் பிறகு அந்தப் பெயர் வரிசையில் வராது.

போன வருடம் மமோவாவின் பேட்டரி சரியத் தொடங்கியது. உள்ளே இருக்கும் செல்களில் ஒன்று செத்துவிட்டது. சூரிய வெளிச்சம் இருக்கும்வரை கவலையில்லை. பூமியின் நிழலுக்குள் போகும்போதுதான் ஆபத்து. வெயிலில் சேர்த்து வைத்ததை வைத்துக்கொண்டுதான் அந்த இருட்டைத் தாண்ட வேண்டும். அந்திச் சுற்றிலோ, நிழலுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பாக நாங்கள் எல்லோரும் பேசிப் பேசி அதைக் காலி செய்துகொண்டிருந்தோம். அது கேட்பதற்கு அதிகம் செலவில்லை. நம் குரலைத் திரும்பப் பரப்புவதற்குத்தான் செலவு. இருட்டில் பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் மறுபடி வெயிலுக்கு வந்தாலும் விழிக்காமல் போகலாம்.

என் கணக்கு தெளிவாக இருந்தது. அந்தியை மூடிவிட்டு நண்பகலில் மட்டும் திறந்தால் மமோவா இன்னும் பல வருடம் வாழும். இதைச் சொன்னதும் பாக் மெல்கி வெடித்தார்.

"நோனா, நீ படிச்ச பிள்ளை. நீயே சொல்லு. மத்தியானம் வீட்ல யார் இருக்கா? நான் கடையில ஆணி நிறுத்துட்டு இருப்பேன். வேலை இல்லாதவனும் காய்ச்சல்காரனும் மட்டும் பேசுறதுக்கா செயற்கைக்கோள் விட்டீங்க?"

"பேட்டரிக்கு அதெல்லாம் தெரியாது, பாக்."

"தெரியாதுதான். அதுக்குத் தெரியலைன்னா உனக்காவது தெரியணும்."

இபு ஹஸ்னா அமைதியாகச் சொன்னார். "முடிவு பண்ணியாச்சு. அந்தியை மூடுறோம். முதல்ல வாய் அடைபடுறது என் வீட்டுக்காரருக்குத்தான். அதனால என்மேல யாரும் கோபப்படக் கூடாது."

அந்த வாரம் ஜூஃப்ரி கரையில் இருந்தார். பொரித்த வாழைக்காயை மிளகாய்ச் சட்னியில் தோய்த்துத் தின்றுகொண்டே கேட்டார். "மத்தியானந்தான் பேசணுமா? மத்தியானம் நான் என்ஜினைக் கவனிப்பேனா, உன்னைக் கவனிப்பேனா?"

"எப்பவும் என்ஜினைத்தானே கவனிச்சீங்க."

"என்னை விடு. மூடிட்டாலும் நான் அந்தியில கூப்பிட்டுட்டுத்தான் இருப்பேன். இத்தனை நாள் பழக்கம், வாய் சும்மா இருக்காது."

"மூடின கதவைத் தட்டுற ஆளைப் பார்த்து மீனெல்லாம் சிரிக்கும்."

"சிரிச்சா வாயைத் திறக்கும். வாயைத் திறந்தா தூண்டில்ல மாட்டும்" என்று அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான்தான் மூடச் சொன்னவள் என்பது அவருக்குத் தெரியும். இன்னொரு வாழைக்காய்த் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு கடலுக்குப் போனார்.

காற்று திசை மாறும் மாதம் அது. கூடப் போன படகுகள் திரும்பின. ஜூஃப்ரி போன படகு திரும்பவில்லை. மிதவைகளுக்கு அப்பால் இன்னும் கிழக்கே போவதைப் பார்த்ததாகவும், புகை கொஞ்சம் அதிகமாக வந்ததாகவும் ஒரு படகுக்காரர் சொன்னார். அவர் பார்த்ததற்கும் நாங்கள் கேள்விப்பட்டதற்கும் நடுவே சில அந்திகள் கடந்துவிட்டிருந்தன. அந்த அந்திகளில் மமோவா எங்கள் கடலுக்கு மேலேதான் போயிருக்கிறது, காதை மூடிக்கொண்டு.

என் கணக்கில் பிழை இல்லை. பலமுறை சரிபார்த்துவிட்டேன். பிழை இருந்திருந்தால்கூட என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும். சரியாக இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

தேடுதல் படை விதிப்படி தேட வேண்டிய நாட்கள் தேடிவிட்டு நிறுத்தியது. அன்று நான் போனபோது இபு ஒரு பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, நிமிராமல் கேட்டார்.

"நோனா, அந்தியைத் திறந்தா மமோவா எவ்வளவு நாள் தாங்கும்?"

"பேசினா ரொம்ப நாள் தாங்காது, இபு."

"யாரும் பேசலைன்னா?"

"பேசலைன்னா... அது கேட்டுட்டு மட்டும் இருந்தா, மாசக்கணக்கில தாங்கும்."

"அப்போ கேட்கட்டும்" என்றார்.

மறுநாள் நண்பகல் சுற்றில் அவர் இதைச் சொல்வதற்குள், எப்படியோ விஷயம் தெரிந்துகொண்டு பாக் மெல்கி முந்திக்கொண்டார். "எல்லாரும் காதைத் தீட்டிக் கேளுங்க. இன்னைலேருந்து அந்தி திறந்திருக்கும். ஜூஃப்ரிக்காக. வேற ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. பொத்தான் மேல கை வைக்கிறவன் கையை நானே வந்து ஒடிப்பேன். டோபேலோலேருந்து படகு ஏறி வருவேன், சொல்லிட்டேன்."

"முதல்ல உங்க வாயைக் கட்டுங்க, பாக்" என்றார் யோசினா. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அந்தியில் இபுவின் மாடி நிறைந்தது. படகில் போன மற்றவர்களின் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். படகை நடத்தும் தண்டேலின் மனைவி நுரைனி தொழுகை உடையைக் கழற்றாமலே வருவார். யாரும் பேசாதபோது கருவியில் வெறும் இரைச்சல் மட்டும் வரும், அரிசி புடைப்பது போல. யாராவது எங்கேயாவது பொத்தானை அழுத்தினால் அந்த இரைச்சல் சட்டென்று விலகும். அந்த விலகலுக்காகத்தான் காத்திருந்தோம். பொந்தியானாக்கிலிருந்து பியாக்வரை, அந்திச் சுற்றுக்காக என்னிடம் சண்டை போட்ட அத்தனை பேரும் அவரவர் வாசலில் ஆன்டெனாவைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள். எல்லோரும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்குச் சாட்சி அந்த இரைச்சல்தான். பேட்டரியும் இறங்கவில்லை.

இமாம் ஒரு முறை வந்து நுரைனியிடம் பேசினார். உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கும் காயிப் ஜனாஸா தொழுகையை வைக்கலாமா என்று கேட்டார். "ஹஸ்னா இன்னும் கேட்டுட்டு இருக்கா" என்று நுரைனி சொன்னார். இமாம் திரும்பிப் போனார். அந்தப் படகின் எல்லா வீடுகளிலும் அதே பதில்தான். யாரும் அழுது முடிக்கவில்லை. எல்லோரும் இபுவின் காதை நம்பி இருந்தார்கள். நண்பகல் வரிசையில் இபு 'கடலில் ஜூஃப்ரி' என்று கூப்பிட்டு ஒரு மூச்சு பொறுப்பதை நிறுத்தவேயில்லை.

பிறகு ஒரு அந்தியில் இரைச்சல் விலகியது.

குரல் வரவில்லை. ஒரு அமைதி, அதற்குள்ளே தூரத்தில் என்ஜின் ஓடுவதுபோல ஒரு தடதடப்பு. அவ்வளவுதான். மறுபடி இரைச்சல் வந்து மூடிக்கொண்டது.

நுரைனி என் கையைப் பிடித்துக்கொண்டார். இபு பொத்தானை அழுத்தினார். நான் அதற்கு முன்பும் பின்பும் அவருடைய அந்தக் குரலைக் கேட்டதில்லை. "அபாங்! அபாங், கேக்குது. பேசுங்க. நான் இருக்கேன். பேசுங்க."

மமோவா கிழக்கே இறங்கி மறையும்வரை கூப்பிட்டார். பதில் வரவில்லை. "என்ஜின் ஓடுது" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். "மைக் கெட்டுப்போயிருக்கும். உப்புத்தண்ணி பட்டா மைக்தான் முதல்ல போகும். என்ஜின் ஓடுது, கேட்டீங்கல்ல?" கேட்டோம். எல்லோரும் கேட்டோம். நான் அன்றிரவே தேடுதல் படைக்கு எழுதினேன். அவர்கள் மறுபடி ஒரு கப்பலை அனுப்பினார்கள். கப்பல் வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அதற்குப் பிறகு இபு அந்தியில் சும்மா இருக்கவில்லை. மமோவா மேற்கே எழுந்ததிலிருந்து கிழக்கே விழும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் என்ன சமையல் என்று சொன்னார். மாமரம் காய்த்ததைச் சொன்னார். 'கேக்குதுன்னா பொத்தானை ரெண்டு தடவை அழுத்துங்க' என்றார். ஒவ்வொரு வார்த்தையையும் மமோவா வாங்கித் தீவுகளெல்லாம் பரப்பியது. பரப்பிய களைப்போடு நிழலுக்குள் போனது. என் கணக்கில் கோடு இறங்கத் தொடங்கியது.

"இபு, இறங்குது" என்று ஒருநாள் சொன்னேன்.

"தெரியும்மா. நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுப் பேசுறேன்."

மறுநாள் குறைக்கவில்லை. அதற்கு மேல் நான் சொல்லவும் இல்லை. மற்றவர்களும் சொல்லவில்லை. எல்லோருக்கும் என் எண்கள் தெரியும். நண்பகல் சுற்றில் பேச்சே குறைந்துபோனது. ஆளாளுக்குப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, இபுவின் அந்திக்காக மின்சாரத்தை மிச்சம் பிடித்தார்கள். பாக் மெல்கி நண்பகலில் வருவதே இல்லை. கடையில் வேலை போல என்று நினைத்தோம்.

ஒருநாள் பிற்பகல் இபுவின் வாசலில் ஒல்லியான, வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் சாகோ பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றார். சாலை வழியாக சொஃபிஃபி வந்து, அங்கிருந்து ஸ்பீட் போட்டில் கடல் தாண்டி வந்திருந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. "இபு ஹஸ்னா வீடுதானே?" என்று அவர் வாயைத் திறந்ததும் இபுவுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது.

"பாக் மெல்கியா! இந்தக் குரல் இவ்வளவு சின்ன உடம்புக்குள்ளேருந்தா வருது?"

"எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றார் அவர். சிரிக்கவில்லை.

வானொலியில் மட்டும் பழகியவர்கள் முதல் முறை நேரில் சந்திப்பதை நாங்கள் தரைக்காப்பி என்போம். யார் வீட்டுக்கு வருகிறார்களோ அந்த வீட்டில் காப்பி போட வேண்டும், வந்தவர் குடித்தே ஆக வேண்டும். இபு இஞ்சி தட்டி, கிராம்பும் சாதிக்காயும் போட்டுக் கொதிக்க வைத்தார். பல நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அந்த மணம் வந்தது. கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். பாக் மெல்கி அதைத் தொடவில்லை.

"இபு, குடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கேட்டதுக்கு அப்புறமும் குடின்னு சொன்னீங்கன்னா குடிக்கிறேன்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு எங்க ஊர்ல கரண்ட் இல்லை. கடை வாசல்ல ஜெனரேட்டர் போட்டிருந்தேன். பக்கத்துலயே ஆன்டெனாவைப் பிடிச்சிட்டு நின்னேன். வெறும் இரைச்சல். தினமும் வெறும் இரைச்சல். எனக்குப் பயம் வந்துடுச்சு, மமோவா செத்துப்போச்சோன்னு. நாமெல்லாம் செத்துப்போனதுக்குக் காதைக் குடுத்துட்டு நிக்கிறோமோன்னு. இருக்கா இல்லையான்னு பார்க்க..." அவர் கட்டைவிரல் காற்றில் ஒரு முறை அழுத்திக் காட்டியது. "ஒரு தட்டு தட்டிட்டேன்."

எங்களில் எல்லோரும் செய்வதுதான் அது. பேசாமல் பொத்தானை ஒரு நொடி அழுத்தி, மேலேயிருந்து நம் மௌனம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் செயற்கைக்கோள் உயிரோடு இருக்கிறது. எல்லோரும் செய்வோம், செய்பவர்களை எல்லோரும் திட்டுவோம். எல்லோரையும்விட அதிகமாகத் திட்டுபவர் பாக் மெல்கி.

பாக் மெல்கி தொடர்ந்தார். "உடனே சொல்லியிருக்கணும். சொல்ல வாயைத் திறந்தேன் இபு, சத்தியமா. அதுக்குள்ள நீங்க 'அபாங்'னு கூப்பிட்டீங்க. அந்தக் குரலைக் கேட்டதுக்கு அப்புறம் 'இல்லை, நான் மெல்கி'ன்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். மறுநாள் கப்பல் போயிடுச்சு. அப்புறம் தினமும் நீங்க மாமரத்தைப் பத்தி... குழம்பைப் பத்தி..." அவருடைய பெரிய குரல் உடைந்துபோய் ஏதோ சிறிய ஒலியாக வந்தது. "அவருக்குச் சொல்றதையெல்லாம் நான் உட்கார்ந்து கேட்டுட்டு இருக்கேன், இபு."

தையல் மெஷினில் பாதி தைத்த கல்யாணச் சட்டை ஒன்று இருந்தது. இபு அதன் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தார்.

"காப்பி ஆறுது, பாக். குடிங்க."

அவர் இரண்டு கைகளாலும் எடுத்துக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை இபு காத்திருந்தார்.

"நாளைக்கு அந்திக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்துடுவீங்களா?"

"சேர்ந்துடுவேன்."

"அன்னைக்கு நின்ன இடத்துலயே நில்லுங்க. ஜெனரேட்டரை ஓட விடுங்க. ஒரே ஒரு தட்டு. பேச வேண்டாம்."

"இபு, நான் பொய் சொல்லலை."

"நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொன்னேனா? எனக்கு அதைக் கேட்கணும், அவ்வளவுதான்."

மறுநாள் அந்தியில் மாடியில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். இபு, நுரைனி, நான். நுரைனியிடம் இபு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மேற்கே வானம் கொஞ்சம் சிவந்திருந்தது. இபு ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்தார். அன்று கூப்பிடவில்லை. இரைச்சல் வந்தது. மமோவா தலைக்கு மேலே ஏறி, கிழக்கே சாயத் தொடங்கியது. அந்தத் தட்டு வராமல் போகட்டும் என்று நான் நினைத்தேன். பாக் மெல்கி பயந்து அழுத்தாமல் விட்டுவிடட்டும், ஜெனரேட்டர் கெட்டுப்போகட்டும். பேட்டரியைக் காப்பாற்ற வேண்டிய நான் அப்படி நினைத்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று இன்றும் தெரியவில்லை.

இரைச்சல் விலகியது. தடதடப்பு. அதே தடதடப்பு, நடுவில் ஒரு துள்ளலோடு, எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட அதே துள்ளல். பிறகு இரைச்சல்.

இபு ஆன்டெனாவை இறக்கவில்லை. மமோவா இன்னும் போய்க்கொண்டிருந்தது. நுரைனி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். இபு ஒரு கையால் கைபேசியை எடுத்து டோபேலோவுக்கு அழைத்தார்.

"அதேதான், பாக் மெல்கி. போதும், ஜெனரேட்டரை நிறுத்துங்க. பெட்ரோல் வீணாகுது."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. இபு, "இல்லை, இல்லை. சாப்பிட்டீங்களா? போய்ச் சாப்பிடுங்க" என்றார். பிறகு கீழே போய், கட்டளைக் கருவியில் அந்தியை மூடும் பொத்தானை அழுத்தினார். மமோவா வாங்கிக்கொண்டது என்பதற்கான சிறிய ஒலி வந்தது. சில நிமிடங்களில் அது நிழலுக்குள் போயிருக்கும்.

"நுரைனி, இமாம்கிட்ட சொல்லிடு. வெள்ளிக்கிழமை வைக்கலாம்."

விளக்கைப் போட்டுக்கொண்டு கல்யாணச் சட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் கிளம்பும்வரை மெஷின் ஓடவில்லை.

மறுநாள் நண்பகல் சுற்றுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். பாக் மெல்கியும் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். இபு வழக்கம்போல மேற்கிலிருந்து தொடங்கினார். பொந்தியானாக் பெயரைச் சொன்னது. பலிக்பாப்பான், மனாடோ. டோபேலோ என்றதும், "இருக்கேன், இபு" என்று மட்டும் வந்தது. அடுத்த பெயர் வர வேண்டிய இடத்தில் இபு பொத்தானை அழுத்தியபடி ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மமோவா அந்த மௌனத்தையும் தீவுகள் முழுக்கப் பரப்பியது. கீழே தெருவில் யாரோ ஐஸ் விற்கிற மணிச் சத்தம்கூட அதற்குள் போயிருக்கும்.

"கடலில் ஜூஃப்ரி" என்றார். "விசை அமைதி."

யாரும் பொத்தானைத் தொடவில்லை. இரைச்சல் வந்து நீண்டது. இபு ஆன்டெனாவைக் கொஞ்சம் கிழக்கே திருப்பினார். இன்னொரு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"சோரோங், யோசினா, சீக்கிரம் சொல்லும்மா. போய்க்கிட்டே இருக்கு."